பள்ளத்தூர் பக்கத்துக் கோடை ஓட்ட முகாம்: யார் சேரலாம், யாருக்கு வேண்டாம்

திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறேன். 1500, 5000 மீட்டர் ஓடுகிறேன். வீடு தேவகோட்டை. செமஸ்டர் தேர்வு முடிந்து ஊருக்கு வந்துவிட்டால் மறுபடி கல்லூரி திறக்கும் வரை கிரவுண்டும் கிடையாது, கோச்சும் கிடையாது. ஊரிலிருந்து போய்ப் படிக்கிற ஓட்டக்காரர்கள் எல்லாருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. சில சீனியர்கள் கோடை முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஜூலையில் மூச்சு வாங்குவார்கள். சிலர் தனியாக வெறி பிடித்த மாதிரி ஓடிக் காலைக் கெடுத்துக்கொண்டு வருவார்கள்.

இந்தக் கோடையில் நான் சேர்ந்தது, காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் நடத்தும் மே மாத முகாமில். பலகை இல்லை, நோட்டீஸ் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே மாஸ்டர் என்று எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: 800 மீட்டருக்கு மேல் ஓடுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, நான் பார்த்தவற்றில் இதுதான் நல்ல முகாம். ஸ்பிரிண்ட், ஜம்ப், த்ரோ ஆட்கள் இதற்காகப் பேருந்து ஏற வேண்டாம்.

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், மாஸ்டர் கோடையைக் கோடையாக நடத்துகிறார். சேர்ந்த அன்று அவர் என் டைமிங் கேட்கவில்லை. "உனக்கு அடுத்த பெரிய மீட் எப்பத்தா?" என்றுதான் கேட்டார். எங்கள் பக்கம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் பெரும்பாலும் ஆடி, ஆவணிவாக்கில் ஆரம்பிக்கும். அதில் தேறினால் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி மார்கழி, தை பக்கம் வரும். அதை ஒரு நோட்டில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தார். மே மாதம் வந்தபோது பேனாவை நிறுத்தி, "இங்க உன் வேலை நெறையா ஓடுறதும், நல்லாத் தின்னுறதும், நல்லாத் தூங்குறதும். வேகமெல்லாம் அப்புறம்" என்றார். நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு வேறு, எனக்கு வேறு, போலீஸ் தேர்வுக்குத் தயாராகிற அண்ணனுக்கு வேறு.

போன கோடையில் வேறோர் ஊரில் ஒரு முகாமில் இருந்தேன். அங்கே முதல் வாரத்திலிருந்தே தினமும் 400 மீட்டர் ரிப்பீட்தான், அதாவது அதே தூரத்தைத் திரும்பத் திரும்ப வேகமாக ஓடுவது, அதுவும் கடிகாரம் பிடித்து. யார் முதலில் வருகிறார்கள் என்று தினமும் பட்டியல் ஒட்டுவார்கள். மாத முடிவில் முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்பக்கம் விரலால் தொட்டாலே வலித்தது. ஜூலை முழுக்க ஓட முடியவில்லை. என்னோடு இருந்த இன்னும் சில பிள்ளைகளுக்கும் அதே வலிதான். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும் என்பதை அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மாஸ்டர் முதல் வாரமே சொன்னார். மூச்சு "போகலாம்" என்று சொல்லும், எலும்பு வாய் திறக்காது, அதனால் எலும்பின் வேகத்துக்குத்தான் தூரத்தைக் கூட்ட வேண்டும் என்று.

காலை ஐந்து மணிக்கு ஓட்டம் தொடங்கிவிடும். மே மாதத்தில் இங்கே சூரியன் வர ஆறு மணி ஆகப்போகும், அதற்குள் பாதி ஓட்டம் முடிந்துவிட வேண்டும். கத்திரி வெயில் என்றால் மதியம்தான் கஷ்டம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை காயாது, உடம்பின் சூடும் இறங்காது. முதல் சில நாள் எனக்கு எப்போதும் ஓடுகிற வேகமே பெரும் பாரமாக இருந்தது. மாஸ்டர் எல்லாருடைய கைக்கடிகாரத்தையும் வாங்கி ஒரு தூக்குவாளியில் போட்டுவிட்டார். பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட வேண்டும், பேச்சு அறுந்தால் வேகம் அதிகம். அவ்வளவுதான் அளவு.

இந்த மெது ஓட்டம் சோம்பேறித்தனம் இல்லை. நெடுநேரம் மெதுவாக ஓடும்போது தசைக்குள் ரத்த நுண்குழாய்கள் பெருகுகின்றன, ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தமும் கூடுகிறது. வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. பத்திலிருந்து பதினான்கு நாள் வரை சூட்டில் விடாமல் ஓடினால் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி கூடும், வேர்வை சீக்கிரமே வரத் தொடங்கும், அதில் உப்பு குறைவாகப் போகும், அதே வேகத்துக்கு நாடித்துடிப்பு இறங்கும். எங்கள் கல்லூரியில், ஊட்டிக்குப் போனால்தான் கோடையில் பேஸ், அதாவது நெடுந்தூர ஓட்டத்துக்கான அடித்தளம், வரும் என்று ஒரு பேச்சு உண்டு. போக வசதி உள்ளவர்கள் போகட்டும். ஆனால் இங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் புதுக்கோட்டை. 2017இல் புவனேஸ்வர் ஆசியத் தடகளப் போட்டியில் 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய லட்சுமணன் அந்த ஊர்க்காரர். 2016 தெற்காசியப் போட்டியில் பெண்களுக்கான 5000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கிய சூர்யா அக்காவும் அந்த ஊர்தான். நம் வெயிலில் வளர்ந்தவர்கள் நெடுந்தூரம் ஓட முடியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஓடுகிற இடங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த முகாமின் சொத்து அதுதான். இது செம்புறாங்கல் பூமி. தார் ரோட்டை விட்டு இறங்கினால் செம்மண் பாதை, மேலே மெல்லிய சரளை. தாரில் ஓடுகிற அதிர்ச்சி இதில் இல்லை, ஆனால் பார்த்துக் கால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சரளை உருண்டு கணுக்கால் மடங்கும். அதனாலேயே கால் தானாக எடுப்பு குறைந்து, சின்னச் சின்ன அடியாக வைக்கப் பழகுகிறது. தினசரி ஓட்டம் ஊருணியைச் சுற்றி, வயல் ஓரமாக, கண்மாய்க் கரை மேல் ஏறி இறங்கித் திரும்புகிற சுற்று. முகாமை ஒட்டி மலை என்று எதுவும் இல்லாததால் ஏற்றத்துக்கு அந்தக் கண்மாய்க் கரைதான். வாரம் ஒரு நாள், மெது ஓட்டம் முடிந்தபின், கரையின் சரிவில் எட்டுப் பத்து விநாடி முழு வேகத்தில் ஏறி, நடந்து இறங்கி, நன்றாக மூச்சு தணிந்தபின் அடுத்தது. ஆறு முறைக்கு மேல் விடமாட்டார். குன்றக்குடி முருகன் கோயில் படியில் ஏறி ஓடலாமா என்று ஒரு தம்பி கேட்டான். சாமி கும்பிட வருகிறவர்களுக்கு இடைஞ்சலாக ஓடக் கூடாது என்று மாஸ்டர் அதோடு முடித்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கானாடுகாத்தான் தெருக்களில் நடக்கிற ஃபார்ட்லெக், அதாவது நிற்காமல் வேகமும் மெதுவுமாக மாற்றி மாற்றி ஓடுவது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். அதனால் பக்கச் சுவர் ஒரே நீளமாகப் போகும். தெருக்கள் நூல் பிடித்த மாதிரி நேராக, குறுக்கும் நெடுக்குமாக இருக்கின்றன. மாஸ்டர் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். ஒரு வீட்டுச் சுவர் முடிகிற வரை வேகம், அடுத்த வீட்டுச் சுவர் முடிகிற வரை மெது. வீட்டுக்கு வீடு நீளம் மாறுவதால் எப்போது முடியும் என்று எண்ணிக்கொண்டே ஓட முடியாது, போட்டியில் எதிராளி வேகம் எடுப்பதைப் போலவே இருக்கும். விடிந்த பிறகும் உயரமான சுவர்களின் நிழல் தெருவில் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற வீடுகள்தான் நிறைய, வண்டி நடமாட்டம் குறைவு. எந்த ஸ்டேடியத்திலும் இப்படி ஓர் இடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னும் இந்த வழியில்தான், செட்டிநாடு ரயில் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு. கிலோமீட்டர் கணக்கு இல்லை, நேரக் கணக்கு. எனக்கு ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து, 85 நிமிடம் வரை கூட்டினார், கடைசி வாரம் மறுபடி குறைத்தார்.

கிரவுண்டு என்று இருப்பது சுண்ணாம்புத் தூளில் கோடு போட்ட மண் டிராக். அதில் 100 மீட்டர் ஸ்ட்ரைட்ஸ் (முழு வேகம் இல்லாமல் வேகமாகத் தளர்வாக ஓடுவது) வாரத்துக்கு இரண்டு முறை, மூன்றாவது வாரத்திலிருந்து 20 நிமிட டெம்போ (கொஞ்சம் கஷ்டமான ஒரே வேகத்தில் ஓடுவது) வாரத்துக்கு ஒரு முறை. அவ்வளவுதான் வேகப் பயிற்சி. ஸ்பைக் (ஆணி வைத்த ஷூ) எடுத்து வர வேண்டிய அவசியமே இல்லை.

தண்ணீர் விஷயத்தில் மாஸ்டர் மிகவும் கண்டிப்பு. திண்ணையில் ஓர் எடை பார்க்கிற கருவி இருக்கிறது. ஓடப் போகுமுன் ஒரு தடவை, ஓடி வந்து வேர்வையைத் துடைத்தபின் ஒரு தடவை ஏற வேண்டும். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வேர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். அதைக் காலைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுகட்ட வேண்டும். வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்க விடமாட்டார், உப்பும் சேர்ந்து உள்ளே போக வேண்டும் என்பதால் உப்புப் போட்ட நீர்மோர், இல்லாவிட்டால் நீராகாரம். லாங் ரன் அன்று மட்டும் ஓஆர்எஸ். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், ருசிக்காகக் கால் பாட்டிலில் கொட்டிக் குடித்தால் வயிற்றைக் கலக்கும். அந்த எடைக்கணக்கை யாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்வதில்லை, அவரவர் பக்கத்தில் அவரவரே எழுதிக்கொள்கிறோம். பெண் பிள்ளைகளை எடையை வைத்துக் கேலி பேசுகிற கிரவுண்டுகளைப் பார்த்தவள் என்பதால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மாஸ்டர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் ஆச்சி இருக்கிறார். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில். அந்தப் பெரிய வீட்டின் இரண்டாம் கட்டில்தான் வெளியூரிலிருந்து வருகிற பெண் பிள்ளைகள் தங்குகிறோம். தேவகோட்டையிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் ஐந்து மணிக்கு வந்து சேர முடியாது என்பதால் நானும் அங்கேதான் தங்கினேன். மதியம் வெளியே அனல் அடிக்கும்போது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு துண்டை விரித்துப் படுத்தால் ஏசி தேவையில்லை. கோடைப் பயிற்சியில் பாதி மதியத் தூக்கம்தான், அந்தத் தூக்கத்துக்கு இந்த வீடு நன்றாக இடம் கொடுக்கிறது.

ஓடி வந்த அரை மணி நேரத்துக்குள் இலை போட்டுவிடுவார் ஆச்சி. இட்லி, இடியாப்பம், சில நாள் கேப்பைக்களி, வாரம் ஒரு நாள் கவுனி அரிசி. விருந்துக்குச் செய்கிற மாதிரி இனிப்பும் தேங்காயும் கொட்டிச் செய்வதில்லை, அளவாக வெல்லம். எனக்கு மிகவும் பயன்பட்டது கும்மாயம். உளுந்தும் பாசிப்பருப்பும் அரிசியும் வறுத்து அரைத்த மாவு, கருப்பட்டி, நெய். பசி எடுக்காத வெயிலில் இரண்டு உருண்டை போதும், மாவுச்சத்தும் புரதமும் கொழுப்பும் ஒன்றாகப் போய்விடும். புரோட்டின் பவுடர் டப்பாவோடு வந்த ஒரு தங்கச்சி பத்து நாளில் டப்பாவை மூடி வைத்துவிட்டாள். "ஓடுற பிள்ள கொறிக்கக் கூடாதுத்தா, சாப்பிடணும்" என்று ஆச்சி இன்னொரு கரண்டி போடுவார். கோடையில் பசி மங்கி, தூரம் கூடி, சாப்பாடு குறைந்தால் பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும், எலும்பும் பலவீனமாகும். அதனால் அந்தக் கரண்டியை நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

இரும்புச்சத்து பற்றியும் இங்கே பேசுகிறார்கள். சேரும்போதே அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்த்துச் சீட்டுக் கொண்டுவரச் சொல்வார் மாஸ்டர். பெண்களுக்கு 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அப்படி இருந்தவர்களை டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார், அதுவரை தூரத்தைக் கூட்டவில்லை. முருங்கைக்கீரை வாரத்தில் பல நாள் வரும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்கும், அப்போதுதான் இரும்பு உடம்பில் ஒட்டும். சாப்பாட்டோடு டீ, காபி கிடையாது, ஒரு மணி நேரம் தள்ளித்தான். காபி இல்லாமல் எனக்கு முதல் வாரம் கஷ்டமாக இருந்தது, ஆனால் விஷயம் சரிதான்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி மாஸ்டரிடம் நேராகச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் மனைவியிடம் சொன்னால் போதும். அவரும் ஆசிரியையாக இருந்தவர், டீச்சரம்மா என்று கூப்பிடுவோம். அன்றைய பயிற்சி சத்தமில்லாமல் மாறியிருக்கும். யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஓட நினைத்தால் ஓடலாம், வேண்டாம் என்றால் நடக்கலாம். ஓட்டத்தில் எங்கள் முன்னாலும் பின்னாலும் ஒரு பெரிய பையன் சைக்கிளில் வருவான். விடியாத இருட்டில் பிள்ளைகள் தனியாக ஓடவேண்டி வராது என்பதைத்தான் என் அப்பா முதலில் விசாரித்தார்.

இப்போது குறைகள். கழிவறை கிரவுண்டு பக்கம் ஒன்றே ஒன்று, காலையில் வரிசை நிற்கும். இத்தனை பேரை வைத்துக்கொண்டு இது போதவே போதாது, அடுத்த ஆண்டுக்குள் இன்னொன்று கட்டியே ஆக வேண்டும். நாய்த் தொல்லை இருக்கிறது, குறிப்பாகப் பள்ளத்தூர்ப் பக்கம் திரும்புகிற இடத்தில். கூட்டமாக ஓடினால் பிரச்சினை இல்லை, பின்தங்கினால் பயம்தான். தசைப் பயிற்சி வீக். ஸ்குவாட், பிளாங்க், ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்துவது என்று சிலவற்றைச் செய்கிறோம், ஆனால் அதில் அவர் ஓட்டத்தில் காட்டுகிற அக்கறையைக் காட்டுவதில்லை. எடை தூக்கிப் பழகியவர்கள் காரைக்குடிக்குப் போய்த் தனியாக ஜிம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். பிசியோ இல்லை. வலி என்று சொன்னால் ஓய்வு கொடுக்கிறார், இரண்டு நாளில் சரியாகாவிட்டால் டாக்டரிடம் அனுப்புகிறார், அது நல்ல வழக்கம். ஆனால் என்ன வலி, எதனால் என்று விளக்குகிற ஆள் இல்லை.

இன்னொரு பெரிய குறை, அந்த நோட்டு அவரிடமே இருந்துவிடுகிறது. ஜூன், ஜூலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று வாயால்தான் சொல்லி அனுப்புகிறார். நான் கடைசி நாள் உட்கார்ந்து என் பக்கத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன், வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. கல்லூரிக் கோச்சிடம் காட்ட அது மிகவும் உதவியது. சேருகிறவர்கள் எல்லாரும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், பள்ளிப் பிள்ளைகளும் நாங்களும் ஒரே நேரத்தில் ஓடுவதால் ஸ்ட்ரைட்ஸ் அன்று டிராக் நெரிசல். மாலையில் பிள்ளைகளுக்கு வைத்தால் தீர்ந்துவிடும்.

பலன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். முகாமில் டைம் ட்ரயல் வைப்பதே இல்லை, அதனால் 5000க்கு எத்தனை நிமிடம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்த நாளில் அதே ஊருணிச் சுற்றை, அதே பேச்சு வேகத்தில் ஓடிப் பார்த்தோம். வந்த புதிதில் டீச்சரம்மா குறித்து வைத்திருந்த நேரம் எனக்கு 38 நிமிடம், இப்போது 35க்குக் கொஞ்சம் மேல். ஒரு பங்கு உடம்பு வெயிலுக்குப் பழகியதால் வந்தது, மீதி ஓடியதால் வந்தது. கால் எலும்பில் விரல் வைத்து அழுத்திப் பார்த்தேன், வலி துளியும் இல்லை. எனக்கு அந்த மூன்று நிமிடத்தைவிட இதுதான் பெரிது.

மாதக் கட்டணம் 3,000 ரூபாய், காலைச் சாப்பாடு அதிலேயே அடக்கம். ஆச்சி வீட்டில் தங்கி மூன்று வேளையும் சாப்பிட்டால் மேற்கொண்டு 4,000. கட்ட முடியாத பிள்ளைகளிடம் மாஸ்டர் வாங்குவதில்லை, அதை வெளியில் சொல்வதும் இல்லை. நான் கொடுத்த பணத்துக்கு இது நியாயமான முகாம்.

வருகிறவர்கள் அடிப்பகுதியில் நல்ல பிடிப்புள்ள ஷூ இரண்டு ஜோடி கொண்டுவாருங்கள், வேர்வையில் ஒன்று காயும்போது இன்னொன்று வேண்டும். வெள்ளை சாக்ஸ் வேண்டாம், செம்மண் கறை போகாது. தலைக்குத் தொப்பி, ஒரு லிட்டர் பாட்டில், ஹீமோகுளோபின் சீட்டு. பெண் பிள்ளைகளுக்கு ஆச்சி வீட்டில் இடம் குறைவு, பங்குனி உத்திரம் முடிந்த கையோடு அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரில் வந்து பேசிவிடுங்கள். பள்ளத்தூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, ஓட்டம் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் போதும். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் போங்கள், மதியம் அவரும் தூங்குவார்.